1908 பத்திரத்தில் இருக்கும் சுப்பையா யார்?

3 பிப்ரவரி · கேட்டவர்

சாத்தூர் தாலுகா புஞ்சை ஒன்றின் பழைய கிரயப் பத்திரம், கையால் எழுதிய நகல், வீட்டுப் பெட்டியில் இருந்தது. தொடக்கம் இப்படி: "கீலக வருஷம் தை மாதம் 14ந் தேதி... முத்தையா குமாரர் சுப்பையா, வயது சுமார் 35". வீட்டில் சொல்லிவரும் வரிசை: சுப்பையா, அவர் மகன் முத்தையா, அவர் மகன் சுப்பையா. கடைசியவர் பள்ளிச் சான்றுப்படி 1931ல் பிறந்தவர். கீலக என்றால் 1908. அப்போது 35 வயது என்றால் இது முதல் சுப்பையாதான். அதனால் அவருக்கு மேலே "முத்தையா, பிறப்பு 1850 வாக்கில்" என்று வம்சாவளியில் ஒரு தலைமுறை சேர்த்துவிட்டேன். சரிதானே?

3 பிப்ரவரி, இரவு · சாத்தூர்க்காரர்

சேர்த்ததைப் பென்சிலில் வையுங்கள். தமிழ் வருஷப் பெயர் 60 வருஷத்துக்கு ஒரு முறை திரும்பும்: கீலக 1908-09லும் வந்தது, 1968-69லும் வந்தது. 1931ல் பிறந்தவருக்கு 1969 தையில் வயது 37. பத்திரத்தில் அதை "சுமார் 35" என்று எழுதுவது வழக்கம்தான். அவர் தகப்பனார் பெயரும் முத்தையா. ஆக நீங்கள் காட்டிய வரி தாத்தாவுக்கும் பொருந்துகிறது, பேரனுக்கும் பொருந்துகிறது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் ஊரில் "முத்தையா மகன் சுப்பையா" ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை வந்துகொண்டே இருப்பார்.

வருஷமும் 1908 இல்லை. தமிழ் வருஷம் சித்திரையில் பிறக்கிறது. தை, மாசி, பங்குனி மூன்றும் அடுத்த ஆங்கில வருஷத்தில் விழும். முந்தைய கீலக என்றால் உங்கள் பத்திரம் 1909 ஜனவரி கடைசி வாரம். பதிவு அலுவலகச் சுட்டியில் (அட்டவணையில்) தேடும்போது 1908 புத்தகத்தைப் புரட்டினால் கிடைக்காது.

நகலில் மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள்: தொகை எப்படி எழுதியிருக்கிறது, ஜில்லா பெயர் என்ன, பின்பக்கம் பதிவுக் குறிப்பு இருக்கிறதா.

4 பிப்ரவரி · கேட்டவர்

பின்பக்கம் நகல் எடுக்கவில்லை. தொகை "௹ 85-8-0". ஜில்லா "திருநெல்வேலி ஜில்லா சாத்தூர் தாலுகா".

4 பிப்ரவரி · சாத்தூர்க்காரர்

அப்படியானால் 1909தான். 85 ரூபாய் 8 அணா 0 பை. அணாக் கணக்கு 1957 ஏப்ரல் 1ல் நயா பைசா வந்ததும் போய்விட்டது. ராமநாதபுரம் ஜில்லா 1910ல் மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களிலிருந்து பிரிந்து உருவானது. 1969ல் எழுதியிருந்தால் சாத்தூர் ராமநாதபுரத்தில் இருந்திருக்கும். இரண்டு சாட்சியும் ஒரே பக்கம் நிற்கின்றன. 35 என்பதை 33 முதல் 38 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறப்பு 1871க்கும் 1876க்கும் நடுவில்.

4 பிப்ரவரி, மாலை · பத்திர எழுத்தர்

வருஷப் பெயரை நகலில் படிக்கும்போது இன்னும் சில இடங்களில் கால் இடறும். இவற்றைத் தனியாகக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

சுபகிருது 1902-03, சோபகிருது 1903-04. ஒரு கொம்பில் ஒரு வருஷம் போகும்.

குரோதி 1904-05, குரோதன 1925-26. நகல் எடுத்தவர் கடைசி எழுத்தை விட்டால் 21 வருஷம் தள்ளிப்போகும்.

விரோதி 1889-90, விரோதிகிருது 1911-12. இங்கே 22 வருஷம்.

பிலவ 1901-02, பிலவங்க 1907-08.

தென்பக்கத்துப் பத்திரங்களில் கொல்லம் ஆண்டும் சேர்ந்து வரும். ஆவணி முதல் மார்கழி நடு வரை 824 கூட்டுங்கள், ஜனவரி பிறந்த பிறகு 825. கொல்லம் 1084 தை என்றால் 1909. பசலி (ஜூலையில் தொடங்கும் வருவாய் ஆண்டு) இருந்தால் 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஜூலை கிடைக்கும். பசலி 1318 என்பது 1908 ஜூலை 1 முதல் 1909 ஜூன் 30 வரை. இந்த மூன்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போனால்தான் தேதியை மையில் எழுதலாம்.

5 பிப்ரவரி · பத்திர எழுத்தர்

எழுத்து பற்றியும் சொல்லிவிடுகிறேன், பெயர் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். பழைய கையெழுத்தில் புள்ளி வைப்பது அபூர்வம். "முததையா" என்றுதான் இருக்கும். துணைக்காலும் ர என்ற எழுத்தும் ஒரே மாதிரி விழும். தமிழ் எண்கள் எழுத்தோடு குழம்பும்: ௧ பார்க்க க, ௨ பார்க்க உ, ௭ பார்க்க எ, ௮ பார்க்க அ. "வயது ௩௰௫" என்பது 35. நடுவில் இருக்கும் ௰ பத்தைக் குறிப்பது. அதைப் பூஜ்ஜியமாக எடுத்து 305 என்று படித்துவிட்டு வயது தப்பு என்று ஒதுக்கிவிடுவார்கள்.

௵ வருஷம், ௴ மாதம், ௳ நாள், ௹ ரூபாய். எல்லாவற்றையும்விட முக்கியம் ௸. அது "மேற்படி". "௸யார் குமாரர்" என்று வந்தால் மேலே கடைசியாகப் பேர் சொன்ன ஆள் யார் என்று விரல் வைத்துத் தேடிப் பிடிக்க வேண்டும். எழுதிக்கொடுப்பவரா, எழுதிவாங்குபவரா, சாட்சியா என்பதைத் தப்பாக எடுத்தால் வேறு குடும்பத்துப் பிள்ளை உங்கள் வம்சாவளியில் ஏறிவிடும்.

முதலில் உள்ளது உள்ளபடி எழுத்து எழுத்தாகப் பெயர்த்து எழுதுங்கள். புள்ளி வைத்துத் திருத்திய வடிவத்தை அதற்குக் கீழே தனி வரியில் எழுதுங்கள். ஒரே வரியில் திருத்திக்கொண்டே போனால் பிறகு சரிபார்க்க வழி இருக்காது.

6 பிப்ரவரி · கேட்டவர்

அடுத்த பத்தி: "மேற்படி புஞ்சையும், மேற்படி புஞ்சைக்குப் பாத்தியப்பட்ட கிணற்றில் 6ல் 1 பங்கும், இறவைப் பாத்தியமும்". வீட்டில் சொல்வது முதல் சுப்பையாவுக்கு ஒரே ஒரு தம்பி என்று. இரண்டு பேர் என்றால் பாதிதானே வரணும்?

6 பிப்ரவரி, இரவு · சாத்தூர்க்காரர்

இந்த வரிதான் உங்கள் பத்திரத்திலேயே விலை உள்ள வரி. நிலத்தை வரப்புப் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள், கிணற்றைப் பிரிக்க முடியாது. அதனால் இரண்டு மூன்று தலைமுறைப் பாகப்பிரிவினையும் கிணற்றுப் பங்கில் அப்படியே படிந்திருக்கும். 6ல் 1 என்றால் பாட்டனாருக்கு மூன்று மகன், ஒவ்வொருவருக்கும் இரண்டு மகன். அல்லது பாட்டனாருக்கு இரண்டு மகன், உங்கள் கிளையில் மூன்று பிள்ளை. இரண்டாவதாக இருந்தால் ஒரு சகோதரரை வீட்டு வரிசை மறந்துவிட்டது என்று அர்த்தம். சின்ன வயதில் இறந்தவராகவோ ஊரை விட்டுப் போனவராகவோ இருக்கலாம்.

7 பிப்ரவரி, காலை · சாத்தூர்க்காரர்

நேற்று எழுதியதில் ஒரு வழியை விட்டுவிட்டேன். தகப்பனார் உயிரோடு இருக்கும்போதே பிள்ளைகளோடு பாகம் பிரித்தால் பூர்வீகச் சொத்தில் அவருக்கும் ஒரு பிள்ளையின் பங்குக்குச் சமமான பங்கு உண்டு. தகப்பனும் இரண்டு மகனும் ஆளுக்கு 3ல் 1. தகப்பனாருடைய பங்கு முழுக் கிணற்றில் 2ல் 1 ஆக இருந்தால் மகனுக்கு 6ல் 1. ஆகவே ஒரே தம்பி என்று வீட்டில் சொல்வது சரியாகவே இருக்கலாம். மறந்துபோன சகோதரரை நான் அவசரப்பட்டுச் சேர்த்தேன். அதை அடித்துவிடுங்கள்.

இரண்டில் எது என்று கிணற்றுப் பங்கு மட்டும் சொல்லாது. வாரிசில்லாமல் இறந்தவர் பங்கு மற்றவர்களுக்குப் போயிருக்கும், விலைக்கு வாங்கிய பங்கும் கலந்திருக்கும். பின்னத்தை வைத்து ஆளை உண்டாக்கக் கூடாது. இருக்கும் வரிசையைச் சோதித்துப் பார்க்க மட்டும் பயன்படுத்தலாம்.

நான்குமால் விவரம், அதாவது நிலத்தின் நாலு பக்க எல்லை, எழுதிப் போடுங்கள். அது கட்டாயம் இருக்கும்.

7 பிப்ரவரி, மதியம் · பத்திர எழுத்தர்

பின்னத்தைச் சொல்லில் எழுதியிருந்தால்: மாகாணி, வீசம் இரண்டும் 16ல் 1. அரைக்கால் 8ல் 1. மா 20ல் 1. காணி 80ல் 1. இங்கே "காணி" நில அளவா, பின்னமா என்று முன்னால் உள்ள சொல்லைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

8 பிப்ரவரி · கேட்டவர்

நான்குமால்: "வடக்கு என் தகப்பனார் பாகத்துப் புஞ்சை, மேற்கு என் தம்பி ராமையா பாகத்துப் புஞ்சை, தெற்கு சின்னமுத்தையா புஞ்சை, கிழக்கு வண்டிப்பாதை."

8 பிப்ரவரி · சாத்தூர்க்காரர்

இதைவிட நல்ல நான்குமால் கிடைப்பது கஷ்டம். ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

வடக்கே "காலஞ்சென்ற" என்ற சொல் இல்லாமல் "என் தகப்பனார் பாகம்". அதாவது 1909 தையில் தகப்பனார் முத்தையா பெரும்பாலும் உயிரோடு இருக்கிறார், தனிப்பாகம் வைத்திருக்கிறார். மேற்கே ஒரு தம்பி, பெயர் ராமையா. தகப்பன், இரண்டு மகன், மூன்று பாகம். கிணற்றுக் கணக்கு வந்துவிட்டது.

தெற்கே சின்னமுத்தையா. சின்னமுத்தையா இருந்தால் அவருக்கு மூத்த முத்தையா ஒருவர் இருக்க வேண்டும். கிணற்றின் மற்றப் பாதிக்கு உரியவர் இவராக இருக்க வாய்ப்பு அதிகம். குலதெய்வப் பெயரையோ பாட்டன் பெயரையோ அண்ணன் தம்பி இருவருக்கும் வைத்து, பெரிய, சின்ன என்று முன்னொட்டுப் போட்டு வித்தியாசப்படுத்துவது தென்பக்கத்தில் சாதாரணம். பத்திரத்தில் மூத்தவருக்குப் பல சமயம் அந்தப் "பெரிய" விடுபட்டுவிடும்.

ஆனால் சின்னமுத்தையா உங்கள் முத்தையாவின் தம்பி என்று இந்தப் பத்திரம் சொல்லவில்லை. ஒட்டிக் கிடக்கும் நிலம், ஒத்துப்போகும் பெயர், அவ்வளவுதான். கோட்டைப் புள்ளிக்கோடாகப் போடுங்கள்.

8 பிப்ரவரி, இரவு · கேட்டவர்

முத்தையாவுக்கு 1850 வைத்துக்கொள்ளலாமா?

8 பிப்ரவரி, இரவு · சாத்தூர்க்காரர்

வேண்டாம். மகன் வயதிலிருந்து 25 கழித்து வந்த எண் அது. "1909 தையில் உயிருடன்" என்று மட்டும் எழுதுங்கள். சான்று சொல்வது அவ்வளவுதான். கழித்து எழுதிய வருஷம் ஒரு தடவை இணையத்தில் ஏறினால் நாலு பேர் பெயர்த்து எடுத்து அதையே சான்றாகக் காட்டுவார்கள்.

10 பிப்ரவரி · பத்திர எழுத்தர்

அடுத்த பத்திரம் தேடும் முறை. இணையத்தில் வில்லங்கம் பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975 முதல்தான். அதற்கு முன் கைத்தேடல். 1908 பதிவுச் சட்டப்படி அசையாச் சொத்துப் பத்திரங்கள் 1ம் புத்தகத்தில் இருக்கும். அதற்குச் சுட்டி இரண்டு: முதல் சுட்டி பெயர்ப்படி, இரண்டாம் சுட்டி சொத்துப்படி. பெயர்ச்சுட்டியில் எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர் இருவர் பெயரும் ஏறும். 1ம் புத்தகத்தையும் அதன் சுட்டியையும் கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம், நகல் வாங்கலாம். உயிலும் தத்து எடுக்கும் அதிகாரப் பத்திரமும் 3ம் புத்தகம். எழுதியவர் இறந்த பிறகு அதிலும் யார் கேட்டாலும் நகல் உண்டு. 4ம் புத்தகத்தில் மட்டும் சம்பந்தப்பட்டவர்களுக்குத்தான்.

பெயர்ச்சுட்டியில் சுப்பையாவை மட்டும் தேடி நிற்காதீர்கள். ராமையா, சின்னமுத்தையா, முத்தையா நாலு பேரையும் 1909 முதல் 1930 வரை பாருங்கள். உங்கள் ஆள் தன் பத்திரத்தில் தன்னைப் பற்றிச் சொல்வதைவிடத் தம்பி பத்திரத்தில் சாட்சியாக வந்து அதிகம் சொல்வார்.

கிராமம் அந்தக் காலத்தில் எந்தப் பதிவு அலுவலக எல்லையில் இருந்தது என்று முதலில் உறுதி செய்யுங்கள். இன்றைய அலுவலகத்தில் இல்லை என்று சொன்னால் பத்திரமே இல்லை என்று ஆகாது.

11 பிப்ரவரி · சாத்தூர்க்காரர்

வருவாய்ப் பதிவேடு பற்றிக் கேட்பீர்கள் என்று முன்கூட்டியே எழுதுகிறேன். உங்கள் கிராமம் ஜமீனாக இருந்திருந்தால் 1909க்கு ரயத்துவாரி (அரசே விவசாயியிடம் நேராகத் தீர்வை வாங்கும் முறை) செட்டில்மெண்ட் பதிவேடு இருக்காது. 1948ன் 26வது சட்டத்துக்கு (ஜமீன் ஒழிப்புச் சட்டம்) பிறகு அளந்து எழுதியதுதான் முதல் பதிவேடு. இனாம் (மானியமாகக் கொடுத்த) நிலமாக இருந்திருந்தால் 1858ல் தொடங்கிய இனாம் கமிஷன் எழுதிய இனாம் பதிவேடு உண்டு. அது வம்சாவளிக்குப் புதையல், ஏனென்றால் அனுபவிப்பவர் பெயர், வயது, முதலில் இனாம் பெற்றவருக்கு என்ன உறவு என்று வரும். கோயில், பிராமண இனாம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். வண்ணார், நாவிதர், தச்சர் போன்றோரின் ஊழிய இனாமும் அதில் உண்டு.

1979 முதல் 1987 வரை நடந்த யூ.டி.ஆர். (நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம்) பதிவேட்டை வைத்து உறவைத் திருத்தாதீர்கள். தகப்பன் பெயர்க் கட்டத்தில் அண்ணன் பெயரும் மாமனார் பெயரும் ஏறிய பட்டாக்கள் ஏராளம். அதிலிருந்து எடுக்க வேண்டியது பழைய புல எண், புதிய புல எண் ஒப்பீடு மட்டும். பரப்பை ஒத்துப்பாருங்கள்: 1 ஏக்கர் 62 செண்டு என்றால் 65.5 ஏர் வர வேண்டும்.

பட்டாவில் பெயர் இருப்பதால் ஆள் உயிரோடு இருந்தார் என்றும் எழுதக் கூடாது. இறந்து 40 வருஷம் ஆனவர் பெயரில் பட்டா ஓடும். பத்திரம் எழுதிக்கொடுத்தார், பதிவு அலுவலகத்தில் ரேகை வைத்தார் என்றால்தான் அந்தத் தேதியில் ஆள் இருந்தார்.

13 பிப்ரவரி · டர்பன் வாசகர்

இதே முறை, தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் கப்பல் பட்டியலுக்குச் செல்லுமா?

13 பிப்ரவரி · சாத்தூர்க்காரர்

செல்லும். 1860 நவம்பர் 16ல் டர்பனில் இறங்கிய ட்ரூரோ கப்பல் முதல் 1911 வரை வந்த 1,52,184 பேருக்கும் ஆளுக்கொரு எண் உண்டு. பெயரைப் பிடிக்காமல் அந்த எண்ணைப் பிடியுங்கள். பட்டியலில் தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம் வரும். எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியதால் கிராமப் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். "வட ஆர்க்காடு" என்று இருந்தால் இன்றைய வேலூர்ப் பக்கம் மட்டும் தேடினால் போதாது. 1911 ஏப்ரலில் சித்தூர் ஜில்லா பிரியும் வரை அதன் தாலுகாக்கள் பலவும் வட ஆர்க்காட்டில்தான் இருந்தன. உங்கள் கிராமம் ஆந்திராவில் இருக்கலாம்.

2 மார்ச் · கேட்டவர்

ராமையா பெயரில் தேடி 1926 பாகப்பிரிவினை கிடைத்தது. தலைப்பு: "1வது காலஞ்சென்ற பெரியமுத்தையா குமாரர் சுப்பையா, வயது சுமார் 50. 2வது ௸ 1வது நபர் குமாரர் முத்தையா, வயது 24. 3வது ௸ பெரியமுத்தையா குமாரரும் ௸ பெரியமுத்தையா தம்பி சின்னமுத்தையாவுக்குச் சுவீகாரம் போனவருமான ராமையா, வயது சுமார் 45."

2 மார்ச் · சாத்தூர்க்காரர்

எல்லாக் கோடும் மைக்கு வந்துவிட்டது. 1909ல் 35 என்றவர் 1926ல் சுமார் 50, பொருந்துகிறது. முத்தையா பிறப்பு 1902 வாக்கில், அவர் மகன் 1931. சின்னமுத்தையா தம்பி என்று எழுத்திலேயே இருக்கிறது, புள்ளிக்கோட்டை நிரப்புங்கள். பெரியமுத்தையா: 1909 தையில் உயிருடன், 1926க்கு முன் காலமானார்.

2 மார்ச், மாலை · பத்திர எழுத்தர்

ராமையாவை மட்டும் கவனமாக வரையுங்கள். 1909ல் சுப்பையாவின் தம்பி என்று தனிப்பாகத்தோடு வருகிறார், 1926ல் சின்னமுத்தையாவின் சுவீகார புத்திரர், அதாவது தத்துப்பிள்ளை. சுவீகாரம் இந்த இரண்டு தேதிக்கும் நடுவில் நடந்ததாக எடுத்துக்கொள்ளலாம். இனி வரும் பத்திரங்களில் அவர் "சின்னமுத்தையா குமாரர் ராமையா" என்றுதான் வருவார். தெரியாமல் பார்ப்பவர் இரண்டு ராமையா என்று பிரித்துவிடுவார். ஆள் ஒன்று, கோடு இரண்டு: பெற்ற தகப்பனுக்கு நேர்கோடு, சுவீகாரத் தகப்பனுக்கு இரட்டைக்கோடு.

3 மார்ச் · கேட்டவர்

பெண்கள் ஒருவர்கூட வரவில்லையே.

3 மார்ச் · சாத்தூர்க்காரர்

இந்தக் காலத்துப் பாகப்பிரிவினையில் வரமாட்டார்கள். மூன்று இடத்தில் தேடலாம். மைனருக்குக் கார்டியனாகத் தாயார் வரும் பத்திரங்கள். 1956 ஜூன் 17ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த பிறகு மகள்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து சகோதரர்களுக்கு எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரங்கள். கட்டிக்கொடுத்த ஊரும் கணவர் பெயரும் அதில் இருக்கும். மூன்றாவது, வீட்டிலேயே கிடக்கும் மொய் நோட்டும் கல்யாணப் பத்திரிகையும். மொய் நோட்டில் தாய்மாமன் பெயரை ஊரோடு எழுதியிருப்பார்கள், பெரும்பாலும் முதல் பக்கத்திலேயே. அவர் ஊர்தான் மணப்பெண்ணின் தாயார் பிறந்த ஊர். பத்திரிகையில் "இன்னார் பேத்தியும் இன்னார் குமாரத்தியும்" என்று இரண்டு பக்கமும் மூன்று தலைமுறை வரும். பெயருக்கு முன்னால் "தெய்வத்திரு" இருந்தால் அந்தத் தேதிக்குள் காலமாகிவிட்டார்.

பத்திரிகையின் உறைமேல் முகவரியும் அஞ்சல் முத்திரையும் இருக்கும், உறையைத் தூக்கிப் போடாதீர்கள்.

4 மார்ச் · பத்திர எழுத்தர்

திருத்தும்போது பழைய வரிசையை அழிக்காமல் குறுக்குக்கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் பத்திர எண்ணும் எழுதுங்கள். ஆட்களுக்கு எண் கொடுங்கள்: பெரியமுத்தையா 1, சின்னமுத்தையா 2, சுப்பையா 3, ராமையா 4, முத்தையா 5, சுப்பையா 6. பெயரோடு எண்ணும் சேர்ந்து வந்தால் சுப்பையா 3க்குச் சேர வேண்டிய தாள் சுப்பையா 6ன் உறைக்குள் போகாது. 1909 பத்திரத்தின் பின்பக்கத்தையும் நகல் மனு போட்டு வாங்குங்கள். அடையாளம் காட்டிய இரண்டு பேரின் பெயரும் தகப்பன் பெயரும் அங்கே இருக்கும்.